தாயும் சேயும் கணக்கில் வரவேண்டும்

உலக சுகாதார அரங்குகளில் இலங்கையின் பெயர் மரியாதையுடன் உச்சரிக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரசவத்தில் தாய்மார் மடிவதைத் தடுப்பதில் இச்சிறிய தீவு பெற்ற வெற்றியே அது. 1930-ஆம் ஆண்டுகளில் இங்கு ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000-க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1950 அளவில் அத்தொகை 600-க்குக் கீழே இறங்கியது. அண்மை ஆண்டுகளில் அது 30-ஐ அண்டி நிற்கின்றது. மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய 1935-ஆம் ஆண்டிலே, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணாமலே மறைந்தன. இன்று அவ்வாறு மறைவன ஆயிரத்துக்குப் பத்தும் இல்லை. செல்வம் கொழிக்கும் நாடுகள் நெடுங்காலம் முயன்று எய்திய நிலையை, வருவாய் குறைந்த ஒரு நாடு எய்தியிருக்கின்றது என்பதை எவரும் மறுக்கார்.

இப்பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. அதில் தமிழ் பேசும் மக்களுக்கும் உரிய பங்கு உண்டு. 1879-இல் கொழும்பிலே டி சொய்சா பிரசவ வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1881-இல் அங்கு மருத்துவிச்சிகளைப் பயிற்றும் பணி தொடங்கிற்று. 1898-இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. 1931-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வாக்குரிமை கிடைத்தது. வாக்குள்ள தாயின் உயிருக்கு அரசியல்வாதி மதிப்பளிக்கத் தொடங்கினான். இலவசக் கல்வி வந்தது; மலேரியா ஒடுக்கப்பட்டது; சைக்கிளிலும் கால்நடையிலும் வீடுதோறும் சென்ற மருத்துவிச்சி குடும்பத்தில் ஒருத்தியானாள். இவ்வெற்றி பலர் கூடி இழுத்த தேர். தனியொரு மருந்துக்கோ தனியொரு மந்திரிக்கோ அது உரியதன்று.

ஆயினும், அந்தக் கணக்கின் உள்ளே ஒரு வெற்றிடம் பல ஆண்டுகளாக இருந்து வந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. சட்டத்தின் கண்கொண்டு பார்க்கப் பழகியவர்களுக்கு அவ்வெற்றிடம் அற்பமான விடயமாகத் தோன்றாது.

தாய் சேய் நலம் பற்றிய ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடித்தளமாக அமைவது குடிசன, சுகாதார ஆய்வு என வழங்கும் வீட்டுக்கு வீடு நடத்தப்படும் ஆய்வு. எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இறந்தன, தாய்க்கு இரத்தம் போதுமா, பிள்ளை வயதுக்கேற்ற உயரம் உள்ளதா என்பவற்றை அதுவே சொல்லும். 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் அவ்வாய்வு நடந்தபோது வடக்கு, கிழக்குப் பகுதிகள் அதற்குப் புறம்பாகவே நின்றன. 2006-2007 ஆய்வில் கிழக்கு சேர்க்கப்பட்டது, வடமாகாணம் விலக்கப்பட்டது. 25 மாவட்டங்களையும் தழுவிய ஆய்வு 2016-இலேயே கைகூடிற்று. குடிசன மதிப்பீட்டின் கதையும் இதுவே. 1981-க்குப் பின் நாடு முழுவதையும் அடக்கிய மதிப்பீடு 2012-இலேதான் நிகழ்ந்தது. 2001-இல் 18 மாவட்டங்களிலேயே அது முழுமையாக நடைபெற்றது.

போர் நடந்த இடத்துக்கு எண்ணுநரை அனுப்ப முடியவில்லை என்று அரசாங்கம் கூறும். அது நியாயமான விடையே. அதை நாம் ஏற்றுக்கொள்வோம். ஆனால், விலக்கப்பட்ட பகுதி எது என்பதை அறிக்கையின் முன்னுரையில் ஒரு வரியில் எழுதிவிட்டு, உள்ளே வரும் தொகைகளை 'இலங்கையின் சராசரி' என்று உலகெங்கும் கொண்டு சென்றது எந்த நியாயத்தின்பாற்படும்? இடம்பெயர்ந்து, ஒரு முகாமிலிருந்து மறு முகாமுக்குச் சுமையுடன் நடந்த கர்ப்பிணிகள் அந்தச் சராசரியில் இல்லை. பதுங்கு குழியில் பிறந்த குழந்தைகளும் அதில் இல்லை. துன்பம் மிகுந்தவர்களை நீக்கிவிட்டுக் கணிக்கப்பட்ட சராசரி, நீக்கப்பட்டவர்களின் பெயராலும் பேசுவதை நீதியென்று சொல்வார் யார்?

நீதிமன்றத்தில் ஒரு விதி உண்டு. பதிவேட்டில் இல்லாத ஒன்றைக் காரணமாகக் கொண்டு பரிகாரம் கேட்க முடியாது. சுகாதாரத் திட்டத்திலும் நிலைமை அதுவே. எண்ணப்படாத பிள்ளைக்குத் தடுப்பூசி ஒதுக்கப்படுவதில்லை. எண்ணப்படாத தாய்க்கு மருத்துவிச்சி நியமிக்கப்படுவதில்லை. ஆகவே, எண்ணுதல் என்பது கந்தோரில் இருந்து செய்யும் எழுதுவினைஞர் வேலை மட்டுமன்று. அது ஓர் உரிமை.

எண்ணுவதை ஆராய்ச்சி என்று சொல்லலாமா என்று சிலர் வினவக்கூடும். ஆராய்ச்சி என்றவுடன் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாயும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. தாய்மாரின் உயிரைக் காத்த கண்டுபிடிப்புகளின் வரலாற்றைப் புரட்டினாலோ, அவற்றுட் பல கவனமாக எழுதப்பட்ட ஒரு பதிவேட்டிலிருந்தே பிறந்தன என்பது தெரியவரும்.

1840-களிலே வீயென்னா நகரப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவிச்சிகள் பயின்றனர். 1846-ஆம் ஆண்டில் முதலாவது பிரிவிலே நூற்றுக்குப் பதினொருவர் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். இரண்டாவது பிரிவில் மாண்டவர் நூற்றுக்கு மூவர் அளவே. முதலாவது பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று ஏழைப் பெண்கள் காலில் விழுந்து மன்றாடினர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து, வேறுபாட்டுக்குக் காரணம் தேடினார். பிரேதங்களை அறுத்துச் சோதித்த கைகளுடன் மாணவர்கள் நேரே பிரசவ அறைக்குச் செல்வதை அவர் கண்டார். 1847-இல், குளோரின் கரைசலில் கைகழுவிய பின்னரே உள்ளே நுழைய வேண்டுமென்று கட்டளையிட்டார். அடுத்த ஆண்டிலே அப்பிரிவின் மரணம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிற்று. கிருமி என்பதை அன்று எவரும் அறிந்திலர். எண்ணே அவருக்கு வழிகாட்டிற்று.

அவருடைய சக வைத்தியர் பலர் அதை ஏற்கவில்லை. தம் கைகளே மரணத்தைக் கொண்டு சென்றன என்று ஒப்புக்கொள்ள அவர்களின் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. 1865-இல் செம்மல்வைஸ் மனநோய் விடுதியொன்றில் மாண்டார். அவருடைய கணக்கு மட்டும் மாளவில்லை.

நம் அயலிலே நிகழ்ந்த ஒன்றையும் கூறுவோம். 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே புடவை ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகையால் மடிவதன் காரணத்தை அறியவே அவர் வந்தார். அவர்கள் என்ன உண்டனர் என்பதை வீடு வீடாகச் சென்று கேட்டறிந்தார். குன்னூர் ஆய்வுகூடத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. மதுவத்திலிருந்து எடுக்கப்படும் மலிவான மாமைற் என்னும் பண்டம் அந்நோயைத் தீர்ப்பதை அவர் நிறுவினார். அதில் அடங்கியிருந்த சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1991-இல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வொன்று, கருவுறுவதற்கு முன்னரே போலிக் அமிலம் உட்கொண்டால் முள்ளந்தண்டு மூடாமற் பிறக்கும் குழந்தைகள் மிகவும் குறைவதைக் காட்டிற்று. முன்னர் அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே, அது மீண்டும் நேர்வது ஏறக்குறைய முக்காற் பங்கு குறைந்தது. இன்று நம்மூர்ச் சிகிச்சை நிலையத்தில் மருத்துவமாது கொடுக்கும் அந்தச் சிறு குளிகையின் பின்னால், ஆலைத் தொழிலாளப் பெண்களின் அடுக்களையில் எழுதப்பட்ட உணவுக் கணக்கு இருக்கின்றது.

கமக்காரராகிய வாசகர்கள் மனங்கொள்ள வேண்டிய உதாரணம் மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம். அபய் பாங், இராணி பாங் என்னும் வைத்தியத் தம்பதியர் அங்குள்ள ஏழைக் கிராமங்களில் பிறப்பு இறப்பு ஒவ்வொன்றையும் முதலில் எழுதுவித்தனர். பின்னர், 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களைத் தெரிந்தெடுத்து, பிறந்த குழந்தையை நிறுக்கவும், சூடு குறையாமற் காக்கவும், கிருமித்தாக்கத்தின் அறிகுறியை அறியவும், வேண்டுமிடத்து ஊசி ஏற்றவும் பயிற்றினர். அயலிலுள்ள 47 கிராமங்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளில், பிறந்து ஒரு மாதத்துக்குள் நிகழும் மரணம் ஒப்பீட்டுக் கிராமங்களோடு நோக்க 62 வீதம் குறைந்தது. 1999-இல் வெளிவந்த அம்முடிவு பல நாடுகளின் சுகாதாரக் கொள்கையை மாற்றிற்று. பெரிய கட்டடமும் விலையுயர்ந்த இயந்திரமும் இன்றியே அதைச் சாதித்தனர். படிப்புக் குறைந்த கிராமப் பெண் அறிவைப் பெறவும் பயன்படுத்தவும் வல்லவள் என்ற நம்பிக்கையே அதன் முதல்.

அண்மைக் காலத்திலும் வழி இதுவே. பிரசவத்தின் பின் நிகழும் இரத்தப்பெருக்கு இன்றும் உலகில் தாய்மாரைக் கொல்லும் காரணங்களுள் முதன்மையானது. 2017-இல் வெளியான ஆய்வில், 21 நாடுகளைச் சேர்ந்த 20,000 தாய்மார் பங்கு கொண்டனர். திரனெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றினால், இரத்தப்பெருக்கினால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதை அவ்வாய்வு காட்டிற்று. 2023-இல், ஆபிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 வைத்தியசாலைகளில் மற்றோர் ஆய்வு நிறைவேறிற்று. இரத்தம் எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணால் மட்டிடும் வழக்கத்தை விட்டு, அளவுக்கோடு இட்ட பிளாஸ்ரிக் விரிப்பில் ஏந்தி அளந்தனர். அளவு மீறியவுடன் எல்லாச் சிகிச்சைகளையும் ஒருங்கே அளித்தனர். கடும் இரத்தப்பெருக்கும் அதனால் வரும் சத்திரசிகிச்சையும் மரணமும் கூட்டாக 60 வீதம் குறைந்தன. மருந்துகள் முன்னரும் இருந்தன. அளப்பது பிந்தியதால் அவை பிந்தின.

இவையனைத்தும் ஒன்றையே உணர்த்துகின்றன. அளந்து எழுதப்படும் இடத்தில் மரணம் குறைகின்றது. அளக்கப்படாத இடத்தில் அது விதியென்று ஏற்கப்படுகின்றது.

இனி, நம் நாட்டின் நிலைமைக்கு வருவோம். மலைநாட்டுத் தோட்டங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 2016 ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டின் அந்நியச் செலாவணியைக் கொழுந்தாகப் பறித்துக் கொடுத்த மக்களின் பிள்ளைகள், ஏனைய பிள்ளைகளைப் போல் வளரவில்லை என்பதே இதன் பொருள். 1948-இல் குடியுரிமையைப் பறித்த சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. அச்சட்டம் விளைத்த வறுமை பிள்ளையின் எலும்பிலே இன்னமும் எழுதப்பட்டிருக்கின்றது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டப்புறம் வேறாக எண்ணப்பட்டமையாலேயே இவ்வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. நாட்டுச் சராசரி மட்டும் வெளியிடப்பட்டிருந்தால், 32 என்ற தொகை 17-க்குள் மறைந்திருக்கும்.

இனவாரியாகவும் பிரதேசவாரியாகவும் தொகைகளை வெளியிட்டால் இனவாதம் வளரும் என்று கூறுவோரும் உளர். ஐக்கிய இராச்சியத்தில் இறந்த ஒவ்வொரு தாயினதும் மரணம் 1952 முதல் முறையாக ஆராயப்பட்டு வருகின்றது. அண்மை அறிக்கைகள் இனவாரியான தொகைகளையும் மறைக்காமல் தருகின்றன. கறுப்பினத் தாய்மார் வெள்ளையினத் தாய்மாரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை மடிவதும், ஆசியத் தாய்மாரின் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காக இருப்பதும் அவ்வாறே தெரியவந்தன. அதனால் அந்நாடு பிளவுபட்டுவிடவில்லை. குறையை நீக்குமாறு கேட்பதற்கு அந்நாட்டு மக்களின் கையில் ஆதாரம் கிடைத்தது.

அடுத்ததாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள். இதைப் பேசும்போது அரசாங்கத்தின்மேல் மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நிலம் நம்முடையது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே நமக்கு உயிர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நாம் இடும் பசளையில் பயிர் உண்டு எஞ்சியது, அடுத்த மழையோடு அந்நீரில் இறங்குகின்றது. கிணற்றருகே தோண்டப்பட்ட மலகூடக் குழியின் கசிவும் அங்கேயே சேர்கின்றது. இவ்விரண்டிலிருந்தும் நைத்திரேற்று என்னும் உப்பு நீரிற் கலக்கின்றது. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதனால் பச்சிளங் குழந்தைக்கு நேரக்கூடிய தீங்கை 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்னும் வைத்தியர் எடுத்துக் காட்டினார். பண்ணை வீடுகளின் கிணற்று நீரிலே கரைத்த பாலைக் குடித்த சிசுக்கள் நீலம் பாரித்து மூச்சுத் திணறுவதை அவர் கண்டார். நைத்திரேற்று, சிசுவின் வயிற்றில் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி செய்கின்றது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையே இதற்கு எளிதில் இரையாகும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கொதிநீரிற் கரைத்த பால் கேடற்றது என்று எண்ணும் தாய், தன் அன்பினாலேயே ஏமாற்றப்படுகிறாள். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் ஊட்டுவதே குழந்தைக்குச் சிறந்த காப்பு.

சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019-இல் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. எண்ணெய்க்கு நிறமும் மணமும் இருந்தன, பிரதிவாதியும் இருந்தார். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பிரதிவாதி யார் என்று தேடினால், தோட்டத்துக்குப் பசளை இடும் ஒவ்வொரு கமக்காரரும், கிணற்றருகே குழி வெட்டிய ஒவ்வொரு வீட்டுக்காரரும் கூண்டில் ஏற வேண்டிவரும். ஆதலால் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. வழக்கில்லாத குற்றத்துக்கு அறிவே மருந்து. எந்தக் கிணற்றில் எவ்வளவு என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாதிருக்கும் வரை, ஒருவரும் தம் வழக்கத்தை மாற்றப் போவதில்லை.

ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்கும் நாம், நம்மவர்கள் பரிசோதனைக்கூட எலிகளாக்கப்படுவதை விரும்பவில்லை. தலிடோமைட் என்னும் மருந்து 1957-இல் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளில் உரியவாறு சோதிக்கப்படாமலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 1961-இல் அது மீளப்பெறப்படுவதற்குள், பல நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கக் குறைவுடன் பிறந்தனர். அதன்பின் உலகம் மறு எல்லைக்குச் சென்றது. கர்ப்பிணிகள் மருந்தாய்வுகளிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டனர். ஆயினும் கர்ப்பிணிக்கும் நோய் வருகின்றது, மருந்தும் கொடுக்கப்படுகின்றது. ஆய்வில்லாமற் கொடுக்கப்படும் ஒவ்வொரு மருந்தும் சம்மதம் பெறாத பரிசோதனையே அல்லவா? வலிப்பு நோக்கிச் செல்லும் கர்ப்பிணிகள் 10,000 பேரிடம், 33 நாடுகளில், உரிய சம்மதத்துடன் நடத்தப்பட்ட ஆய்வின் பயனாகவே மகனீசியம் சல்பேற்று அவ்வலிப்பைப் பாதிக்கு மேல் தடுக்கும் என்பது 2002-இல் உறுதியாயிற்று. சம்மதமும் பாதுகாப்பும் உள்ள ஆய்வு தாயைக் காக்கும்; விலக்கி வைப்பது காக்காது.

சம்மதம் என்பது சட்டத்தில் கனமான சொல். விளங்காத மொழியில் எழுதிய பத்திரத்தில் இட்ட கையொப்பம் சம்மதமாகாது என்பதை ஒவ்வொரு நொத்தாரிசும் அறிவார். தமிழ் 1987-இல், பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், தோட்டத்துத் தாயொருத்திக்குத் தன் உடலைப் பற்றிய கேள்வியைத் தன் மொழியிலே கேட்டு, தன் மொழியிலே விடை பெறும் வாய்ப்பு எல்லா இடத்திலும் இருக்கின்றதா? ஆய்வு முடிந்தபின் அதன் முடிவு ஆங்கிலச் சஞ்சிகைக்குப் போகின்றது. இரத்தம் கொடுத்த தாய்க்கும், பிள்ளையை நிறுக்கக் கொடுத்த தாய்க்கும் அது திரும்பி வருவதில்லை.

தமிழில் மருத்துவ அறிவைச் சொல்ல முடியாது என்ற சாக்கு நம்மிடம் செல்லாது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மாணவர்களை வைத்தியராக்கினார். அவர் தமிழாக்கித் தந்த முதல் நூல்களுள் ஒன்று, 1857-இல் வெளிவந்த மோன்செலின் பிரசவ வைத்தியம். மருத்துவ அறிவு தமிழுக்கு வந்தபோது, முன்வரிசையிலேயே தாயின் நலம் நின்றது. அந்நியர் ஒருவர் அன்று செய்ததை, 1978 முதல் மருத்துவ பீடம் கொண்ட யாழ்ப்பாணம் இன்று செய்ய இயலாது என்று சொல்ல நாணவேண்டும்.

வழக்கறிஞர்களாகிய எம் தொழிலாளர்க்கும் ஒரு வார்த்தை. ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், யார் குற்றவாளி என்ற கேள்வி முதலில் எழுகின்றது. கவலையீனம் இருந்தால் அதற்கு நீதிமன்றம் உண்டு; அக்குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க வேண்டும். ஆனால், அடுத்த தாயைக் காக்கும் கேள்வி வேறு. எங்கே பிந்தினோம்? வாகனம் இல்லையா? இரத்தம் இல்லையா? இலக்கணம் அறியப்படவில்லையா? இக்கேள்விகளுக்கு மருத்துவிச்சியும் தாதியும் அஞ்சாமல் உண்மை சொல்ல வேண்டுமானால், அவர்கள் சொல்வது அவர்களைத் தண்டிக்கப் பயன்படாது என்ற உறுதி வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் அவ்விசாரணை இரகசியமாக வைக்கப்பட்டதன் காரணம் அதுவே. இலங்கையிலும் தாய் மரணம் ஒவ்வொன்றையும் ஆராயும் முறை பல ஆண்டுகளாக உண்டு; அது நாட்டின் பெருமைகளுள் ஒன்று. அவ்வேடுகளை நீதிமன்றத்துக்கு இழுப்பது எமக்கு அழகன்று. அதேவேளை, அந்த இரகசியத்தைத் திரையாக்கிக் கவலையீனத்தை மூடுவதும் எவருக்கும் அழகன்று. அறியும் விசாரணை வேறு, தீர்க்கும் விசாரணை வேறு; இரண்டும் தத்தம் பாதையில் நடக்கவேண்டும்.

ஆகவே, நாம் வற்புறுத்துவன இவை.

முதலாவது, எந்த மாவட்டத்தையாவது விலக்கி நடத்தப்பட்ட ஆய்வை 'தேசிய' ஆய்வு என்று அழைக்கலாகாது. விலக்கிய பகுதி எதுவென்பது ஒவ்வோர் அட்டவணையின் கீழும் அச்சிடப்பட வேண்டும். தோட்டப்புறத்துக்கும் வடக்கு கிழக்கு மாவட்டங்களுக்கும் உரிய தொகைகள் சராசரிக்குள் மறையாமல் வேறாக வெளிவரவேண்டும்.

இரண்டாவது, தமிழ் பேசும் தாய்மாரிடம் நடத்தப்படும் எந்த ஆய்விலும் சம்மதமும் விளக்கமும் அவர்களுக்குப் புரியும் தமிழில் இருத்தல் வேண்டும். ஆய்வு முடிந்தபின் முடிவு அதே ஊருக்கு, அதே மொழியில் திரும்பி வருதல் வேண்டும். பல்கலைக்கழகத்தார் இதற்கு அரசாங்கத்தின் கட்டளையை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, குடாநாட்டில் கர்ப்பிணி அல்லது கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டின் கிணற்று நீரிலும் நைத்திரேற்று அளக்கப்பட்டு, அத்தொகை தாயின் பதிவேட்டில் எழுதப்படவேண்டும். பிரதேச சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் முன்வந்தால், இது கைக்கெட்டாத காரியமன்று. பசளையை மண்ணின் தேவையறிந்து இடுவது கமக்காரரின் பணப்பைக்கும் நன்மை. பேரப்பிள்ளையின் குருதிக்கும் நன்மை.

நான்காவது, தோட்டப்புறத்திலும் பின்தங்கிய பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பநல மாதரைத் தேவையான அளவு நியமிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு முதற்கண் அவளே. சிகிச்சைக்கு முதற்கை அவளே. அவள் எழுதும் பதிவேடு பிழைத்தால், அதன்மேல் எழும்பும் கணக்கெல்லாம் பிழைக்கும்.

பாராளுமன்றத்தில் நமது பிரதிநிதிகள் நிலத்தையும் மொழியையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசுவது அவசியமே. அவற்றை விட்டுவிடுமாறு நாம் கூறோம். ஆனால், அந்நிலத்தில் நடக்கப் போகும் பிள்ளையும், அம்மொழியைப் பேசப்போகும் பிள்ளையும் இப்போது தொட்டிலில் இருக்கின்றனர். தொட்டிலை எண்ணாத இனம் தன் எதிர்காலத்தை எண்ணாத இனமாகும். அடுத்த தேர்தல் மேடையில் வாக்குக் கேட்டு வரும் எக்கட்சியினரிடமும், எம் கட்சியினரிடமுங்கூட, வாசகர்கள் இந்நான்கு கோரிக்கைகளையும் முன்வைத்து விடை பெறுவார்களாக. விடை கிடைக்கும் வரை நாமும் இவற்றை இப்பத்திரிகையில் திரும்பத் திரும்ப எழுதுவோம்.